பேரிங்கைக் கரண்டு கொத்தினால் அதற்குப் பெயர் என்ன?

அனுப்பியவர்: மோட்டார் பட்டறைக்காரன், கோவை
பொருள்: பேரிங்கில் மின்பொறி போடும் குழி – ஒரு சொல் வேண்டும்

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

என் மச்சான் மின்சாரக் கார் வைத்து டாக்சி ஓட்டுகிறார். கோவை–பழனி, கோவை–ஊட்டி என்று ஓயாத ஓட்டம். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி. ஆண்டு இன்னும் மிச்சம் இருக்கிறது, கிலோமீட்டர் தீர்ந்துவிட்டது. தீர்ந்த கொஞ்ச நாளில் நாற்பதில் போகும்போது ஆட்டுக்கல் சுற்றுவதுபோல ஒரு முனகல். வண்டியைச் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் பார்த்துவிட்டு ‘மோட்டார் போச்சு, அசெம்பிளியாக மாற்ற வேண்டும்’ என்று ஆறு இலக்கத்தில் ஒரு எஸ்டிமேட் கொடுத்தார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த வண்டிகளைப் பிரித்துப் பழகிய நண்பர் ஒருவரோடு சேர்ந்து இறக்கினோம். காயில் (கம்பிச்சுற்று) பழுதில்லை. காந்தம் பழுதில்லை. பேரிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், குண்டு ஓடும் தடத்தில் குறுக்குவாட்டில் வரி வரியாக, ஏர் ஓட்டிய வயல் மாதிரி. மொத்த நோயும் அந்தத் தடத்தில்தான் இருந்தது. பேரிங் விலை சில ஆயிரம்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரியாதவர்களுக்காக: மூன்று பேர் ஒரு முடிச்சை மூன்று பக்கமும் கயிறு கட்டி முறை வைத்துச் சீராக இழுத்தால் முடிச்சு நடுவிலேயே நிற்கும். மூன்று ஃபேஸ் கரண்ட் லைனிலிருந்து நேராக வந்தால் அப்படித்தான். காரில் பேட்டரியின் நேர்மின்சாரத்தை இன்வெர்ட்டர் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டித் தருகிறது. இழுப்பு சீராக இல்லாமல் வெடுக் வெடுக்கென்று இருப்பதால் முடிச்சு நடுவில் நிற்காமல் துள்ளுகிறது. அந்தத் துள்ளல் மின்னழுத்தமாக ஷாஃப்டில், அதாவது மோட்டாரின் சுழலும் தண்டில், ஏறிவிடுகிறது. ஷாஃப்டுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே பேரிங்கில் இருப்பது ஒரு மைக்ரான் கனமோ அதற்கும் குறைவோ உள்ள எண்ணெய்ப் படலம். அது தாங்காதபோது பொறி பாய்கிறது. பாய்ந்த இடத்தில் எஃகு உருகி ஊசிமுனைக் குழி விழுகிறது. இப்படி லட்சக்கணக்கான குழி.

பொறி பாய்வதற்கும் குழி விழுவதற்கும் கடைசியில் வரி வரியாக ஆவதற்கும் சேர்த்து நம்மிடம் ஒரு சொல் இல்லை. ‘பேரிங் போச்சு’ என்கிறோம். எண்ணெய் இல்லாமல் போனாலும் அதே, தண்ணீர் புகுந்து துருப்பிடித்தாலும் அதே. சொல் தாருங்கள்.

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

அன்புள்ள பட்டறைக்காரருக்கு,

முதலில் ‘பேரிங்’ என்பதை விடுங்கள். தாங்கி என்ற நல்ல சொல் இருக்கிறது. சுமைதாங்கி, இடிதாங்கி எல்லாம் நம் மக்கள் வாயில் வாழ்கிற சொற்கள். ஆகவே ‘தாங்கி மின்னரிமானம்’ என்று வைக்கலாம். அரிமானம் என்பது பள்ளி வேதியியல் பாடநூலிலேயே உள்ள சொல், மாணவர்க்குப் புதிதாகத் தோன்றாது. ‘மின்னரிப்பு’ என்று சுருக்கலாமா என்றால் வேண்டாம் என்பேன். படிக்கிறவன் சொறிந்துகொள்வான்.

---

அனுப்பியவர்: மில் எலக்ட்ரீஷியன், திருப்பூர்

எங்கள் மில்லில் மோட்டார்களுக்கு டிரைவ் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர்) மாட்டிய காலத்திலிருந்து இதைப் பார்க்கிறேன். அதற்கு முன்பு ஒரு பேரிங் வருஷக்கணக்கில் ஓடும். டிரைவ் வந்தபிறகு சில மோட்டார்களில் மாதக்கணக்கில் சத்தம் கொடுத்தது. நாங்கள் சொல்வது ‘கரண்டு தின்ன பேரிங்’. இதைவிடப் புரிகிற சொல் வேண்டுமா? ஷாஃப்டில் உரசி அதிலுள்ள கரண்டை எர்த்துக்கு இறக்கும் ஒரு எர்த் பிரஷ் வைத்தோம், சரியாகிவிட்டது.

ஐயா, தாங்கி என்று ஸ்டோரில் கேட்டால் சாமான் வராது.

---

அனுப்பியவர்: தொழில்நுட்ப விரிவுரையாளர், நல்லூர், யாழ்ப்பாணம்

வணக்கம். கோவை அண்ணையின் மடலை வாசிக்கும்போதே எனக்கு எங்கட வீட்டு அம்மிதான் ஞாபகம் வந்தது. அம்மி வழவழப்பாகிவிட்டால் உளியால் குத்திக் குத்திச் சொரசொரப்பாக்குவதை நாங்கள் ‘அம்மி பொளியிறது’ என்போம். உளி படும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு குழி. உருப்பெருக்கியில் அந்தத் தடம் அப்படித்தான் தெரியும். ஆகவே ‘மின்பொளி’ என்பது என் முன்மொழிவு. வினையாகவும் வரும்: பொளிந்தது, பொளியும், பொளிந்த தாங்கி.

அரிமானம் இங்கே பொருந்தாது என்பதையும் பணிவோடு சொல்கிறேன். அது வேதிவினை. இங்கே நடப்பது உருகுதல். மாணவருக்கு இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால், துருவுக்குச் செய்யும் வைத்தியத்தை இதற்கும் செய்வார்கள்.

---

அனுப்பியவர்: கார் வைத்திருப்பவன், மதுரை

எல்லாம் சரி. பெயர் வைத்தால் பில் குறையுமா? எனக்கு இன்னும் வாரண்டி இருக்கிறது. முடிந்தபிறகு என்ன செய்வது என்று யாராவது சொன்னால் உபயோகமாக இருக்கும். யூடியூப் பார்த்து நானே கழற்றலாமா?

---

அனுப்பியவர்: மோட்டார் பட்டறைக்காரன், கோவை

எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். நீளத்துக்கு மன்னிக்கவும்.

மதுரைக்காரருக்கு முதலில். கழற்றாதீர்கள். பேட்டரி முன்னூறு வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம், சில வண்டிகளில் அது எண்ணூறு. பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கினாலும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரில் மிச்சம் நிற்கும். கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்து, அதற்கான ரப்பர் கையுறையோடுதான் கை வைக்க வேண்டும். அடுத்தது ரோட்டர், மோட்டாருக்குள் சுழலும் பகுதி. பம்புசெட் மோட்டாரில் எண்டு கவரைத் தட்டி எடுத்து ரோட்டரைக் கையால் உருவுவோம். இதில் உள்ளே இருப்பது நிரந்தரக் காந்தம். ஜிக் (ரோட்டரை நடுவிலேயே பிடித்துக்கொள்ளும் சட்டம்) இல்லாமல் உருவினால் ரோட்டர் பக்கவாட்டில் ‘டப்’பென்று போய் ஒட்டும், நடுவில் விரல் இருந்தால் விரல் போச்சு. கோண உணரி ஒன்று இருக்கிறது, ரோட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று இன்வெர்ட்டருக்குச் சொல்வது அதுதான். அது இம்மி நகர்ந்து உட்கார்ந்தாலும் மறுபடி அளவு சரிசெய்யாமல் வண்டி ஒழுங்காக ஓடாது. ‘அசெம்பிளியாக மாற்றுகிறோம்’ என்று அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் உண்டு என்பதற்காக இதையெல்லாம் சொல்கிறேன். ஊர் ஊராக இந்த ஜிக்கும் ஆளும் வைத்துக்கொள்வதைவிட முழுசாக மாற்றுவது அவர்களுக்குச் சுலபம். அந்தச் சுலபத்துக்கான காசை நாம் கொடுக்கிறோம்.

காயிலே எரிந்திருந்தால் கதை வேறு. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்த ஊர் இது. எரிந்த காயிலை அறுத்தெடுத்துத் திரும்பக் கட்டுவதில் எங்களை மிஞ்ச ஆள் இல்லை என்று மீசை முறுக்குவோம். ஆனால் இப்போது வருகிற கார் மோட்டார் பலவற்றில் கம்பியே இல்லை. தட்டையான செப்புப் பட்டையைக் கொண்டை ஊசி மாதிரி வளைத்து, காடிக்குள் செருகி, முனைகளை வெல்டு வைத்திருக்கிறார்கள். அதைக் கையால் கட்ட முடியாது. (கொண்டை ஊசிச் சுற்று. மலைப்பாதைக்கு வைத்த பெயர் இதற்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது, யாரும் விவாதிக்கவே இல்லை!) ஆகவே மோட்டாரில் எது போனது என்பதைப் பொறுத்துச் செலவு மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசப்படும்.

பெயர் வைத்தால் பில் குறையுமா என்றால், குறையலாம் என்பதுதான் என் கட்சி. ‘மோட்டார் போச்சு’ என்ற இரண்டு சொல்லை நீங்கள் ஏற்றுக்கொண்ட நிமிடமே மோட்டாருக்கான பில்லையும் ஏற்றுக்கொண்டீர்கள். ‘எதில் போச்சு? காயிலா, பேரிங்கா, இன்வெர்ட்டரா, கூலண்டு சீலா?’ என்று கேட்க ஒவ்வொன்றுக்கும் வாயில் சொல் இருக்க வேண்டும். டெஸ்லாவின் மாடல் எஸ் காரில் ஆரம்ப காலத்தில் மோட்டார் பகுதியிலிருந்து சத்தம் வருகிறதென்று அசெம்பிளி அசெம்பிளியாக மாற்றினார்கள். கடைசியில் 2014 ஆகஸ்டில் அந்தப் பகுதிக்கு எட்டு ஆண்டு, கிலோமீட்டர் கணக்கே இல்லை என்று வாரண்டியை நீட்டினார்கள், ஏற்கெனவே விற்ற வண்டிகளுக்கும் சேர்த்து. அங்கே கம்பெனி தாங்கிக்கொண்டது. டாக்சிக்காரர் மச்சானுக்கு யார் தாங்குவது?

சரி, சொல்லுக்கு வருவோம்.

தஞ்சாவூர் ஐயா, அரிமானத்தை நல்லூர் அம்மா வீழ்த்திவிட்டார், நான் சேர்க்க ஒன்றும் இல்லை. ஆனால் தாங்கியை நான் எதிர்க்கவில்லை. புத்தகத்தில் தாங்கி இருக்கட்டும், ஸ்டோரில் பேரிங் இருக்கட்டும். நோய்க்கு வைக்கும் பெயர் இரண்டின் முன்னாலும் உட்கார வேண்டும், அவ்வளவுதான். திருப்பூர்க்காரரின் ‘கரண்டு தின்ன’ என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் தின்றால் தேய்ந்து மெலிய வேண்டும். இது மெலியவில்லை, குழி விழுந்திருக்கிறது.

பொளி என்ற சொல்லைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். ‘அம்மி கொத்தலையோ அம்மி!’ என்று தெருவில் கூவிக்கொண்டு போன குரல் என் காதில் இன்னும் இருக்கிறது. நாங்கள் கொத்துவது என்பதை நீங்கள் பொளிவது என்கிறீர்கள். அதே உளி, அதே கல். ஆனால் இந்தப் பக்கம் ‘மின்பொளி’ என்றால் இரண்டு ஆபத்து. ஒன்று, பாதிப் பேர் போளி என்று படித்துவிட்டு டீக்கடைப் பக்கம் திரும்புவார்கள். இன்னொன்று, பாலக்காடு எங்களுக்குப் பக்கத்து வீடு. மலையாளத்தில் ‘பொளி’ என்றால் இந்தக் காலத்துப் பையன்களுக்கு ‘செம’ என்று அர்த்தம். எரிந்துபோன பேரிங்கைப் பார்த்துப் பாராட்டுவதாக ஆகிவிடும்.

ஆகவே என் முன்மொழிவு: மின்கொத்து. கரண்டு கொத்துகிறது, கொத்தின பேரிங், மின்கொத்து கண்ட தாங்கி.

இதற்கும் எதிர்ப்பு வரும் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். மின்வெட்டு என்றால் மின்சாரம் வெட்டுப்படுவது, அதேபோல மின்கொத்து என்றால் மின்சாரம் கொத்துப்படுவதா என்பீர்கள். மின்கசிவு, மின்வெட்டு வரிசையில் இது கொஞ்சம் முரண்டுதான். மின்னல் தாக்கு, பாம்புக் கொத்து வரிசையில் வைத்துப் பாருங்கள், சரியாக உட்காரும். அப்புறம் தட்டச்சில் ஒரு சுழி மாறினால் மீன்கொத்தியாகிவிடும் என்று என் மகள் இப்போதே சிரிக்கிறாள். ஆகட்டும். தண்ணீரில் டக்கென்று பாய்ந்து கொத்திவிட்டுப் போகிற அந்தப் பறவைக்கும் இந்தப் பொறிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கொத்துவது என்று வைப்பதில் தொழில்முறையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. எங்கள் ஊர் டூல்ரூம்களில் ஸ்பார்க் எரோஷன் மெஷின் என்று ஒன்று ஓடும். எண்ணெய்க்குள் பொறி விட்டு விட்டு எஃகைக் குடைவது. சோவியத் நாட்டில் லசரென்கோ தம்பதி 1943-இல் கண்டுபிடித்த முறை. அவர்கள் தேடிப் போனது, பொறி பட்டு மின்தொடுமுனைகள் தேய்வதைத் தடுக்க ஒரு வழி. தடுக்கப்போய், அந்தத் தேய்வையே வேலைக்காரனாக்கிக்கொண்டார்கள். அந்த மெஷின் வேண்டுமென்றே செய்வதைத்தான் பேரிங் வேண்டாமல் செய்துகொள்கிறது. மெஷினுக்கு ‘மின்கொத்து எந்திரம்’ என்றால் இரண்டும் ஒரு குடும்பம் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

அந்த வரிகளுக்குத் தனிச் சொல் வேண்டும். ஏனென்றால் அது நோயின் பிந்தைய கட்டம். முதலில் தடம் மங்கி, பனி படர்ந்த கண்ணாடி மாதிரி ஆகும். அப்போது சத்தம் வராது. குண்டுகள் அதன்மேல் உருண்டு உருண்டு அதிர, குழிகள் ஒழுங்காக வரிசை கட்டி வரியாகின்றன. முனகல் அப்போதுதான் வரும். ‘மின்வரி’ என்றுதான் முதலில் எழுதினேன், மின்வாரியம் நோட்டீஸ் அனுப்பியதாக நினைப்பார்கள் என்று அடித்துவிட்டேன். ஏர் ஓட்டின தடத்துக்குச் சால் என்று பெயர். ‘சால் விழுந்த பேரிங்’. மச்சானுடையது சால் விழுந்தது. இன்னும் ஓட்டியிருந்தால் எஃகுத் துகள் கியர் எண்ணெயில் கலந்து, சீலைத் தின்று, கூலண்டு உள்ளே புகுந்து, அசெம்பிளி எஸ்டிமேட்டுக்கே அர்த்தம் வந்திருக்கும்.

என்ன செய்தோம் என்றால், குண்டு மட்டும் சிலிக்கான் நைட்ரைடு பீங்கானாக உள்ள பேரிங் போட்டோம். பீங்கானில் கரண்டு போகாது. இரும்புக் குண்டு பேரிங்கைவிட விலை பல மடங்கு. அப்படியும் எஸ்டிமேட்டின் பக்கத்தில்கூட வரவில்லை. வண்டி ஓடுகிறது, முனகல் இல்லை.

---

அனுப்பியவர்: தொழில்நுட்ப விரிவுரையாளர், நல்லூர், யாழ்ப்பாணம்

மலையாளத்துக்கு நான் பொறுப்பில்லை அண்ணை. எனினும் மின்கொத்துக்கு என் வாக்கு. அகராதியில் ஏற்றும்போது பக்கத்தில் ‘மின்பொளி (ஈழ வழக்கு)’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், போதும். சால் மிக அழகு.

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

சால் என்பதை நான் தந்திருக்க வேண்டும். காவிரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு எனக்குத் தோன்றவில்லையே. மின்கொத்து, சால் இரண்டும் ஏற்பு. தாங்கியை விடமாட்டேன்.

திருப்பூர் நண்பர் சொன்ன எர்த் பிரஷ் ஒருபுறம் இருக்க, ஷாஃப்டைச் சுற்றி வளையமாகவும் அப்படி ஒன்று மாட்டுகிறார்களாமே, அதற்கு ‘தண்டுக் காப்பு’ என்றால் என்ன? காப்பு என்றால் வளையல், பாதுகாப்பும்கூட. இரண்டு பொருளும் அமைகின்றன.

---

அனுப்பியவர்: மோட்டார் பட்டறைக்காரன், கோவை

ஐயா, சொல் அருமை, ஆனால் இங்கே வைத்தால் விபத்து. மின்காப்பு என்றால் கரண்டைப் போகவிடாமல் தடுப்பது. இந்த வளையம் நேர் எதிர். கரியிழைகளை ஷாஃப்டின்மேல் உரசவிட்டு, கரண்டு பேரிங் வழியாகப் போகாமல் தன் வழியாகக் கூட்டுக்குப் போக வழி விடுகிறது. காப்பு என்று எழுதினால் ஒரு பையன் ரப்பரில் செய்து மாட்டிவிடுவான்.

பட்டறையில் சின்னப் பையனிடம் வளையத்தைக் காட்டி இதற்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டேன். ஷாஃப்டோடு சேர்த்துப் பார்த்துவிட்டு, ‘கொலுசுங்கண்ணா’ என்றான். அடுத்த மடலைக் கொலுசில் தொடங்கலாமா?