கிளைடர் ரேடியோவுக்கு எத்தனை வோல்ட் பேட்டரி வைக்கலாம்?

வணக்கம். ஜெர்மனியில் எங்கள் கிளப்பின் பழைய கே 8 கிளைடரில் ரேடியோவுக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரி. எஞ்சின் இல்லாததால் பறக்கும்போது சார்ஜ் ஏறாது. மூன்று மணி நேரம் கழித்துப் பேசும் பட்டனை அழுத்தினால் திரை மங்கி, குரல் கரகரத்து அறுந்துபோகிறது. கேட்பதில் சிக்கலே இல்லை. பேசும்போதுதான் மின்சாரம் அதிகம் இழுத்து வோல்டேஜ் சரிகிறது. தரையிறங்கும் நேரத்தில் இப்படி ஆனால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.

ரேடியோவின் தகட்டில் 13.75 வோல்ட் என்று போட்டிருக்கிறது. இப்போதுள்ள பேட்டரிக்குப் பதிலாக வைக்க நினைக்கும் நான்கு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட்; தீரும் தறுவாய்வரை பெரிதாக இறங்காது. ஆனால் சார்ஜ் முடியும்போது 14 வோல்ட்டைத் தாண்டுமே, பழைய ரேடியோ தாங்குமா? சார்ஜர் மாற்ற வேண்டும், சரி. ஃபியூஸும் மாற்றணுமா? மாற்றிப் பறந்தவர்கள் சொல்லுங்கள்.