50 மைக்ரோகிராம் மருந்து ஒவ்வொரு மாத்திரைலயும் எப்படி சரியா வருது?

மழைத்துளி:
அம்மாவுக்கு தைராய்டு மாத்திரை தினமும் நான்தான் எடுத்துக் குடுப்பேன். நேத்து அட்டைய திருப்பிப் பாத்தா 50 மைக்ரோகிராம்னு இருக்கு. ஒரு கிராம பத்து லட்சமா பிரிச்சா அதுல 50 பங்கு, அவ்ளோதான் மருந்து! ஆனா மாத்திரை அத விட பல மடங்கு பெருசா இருக்கே, மீதி எல்லாம் என்ன, சுண்ணாம்பா? ஒவ்வொண்ணுலயும் அதே அளவு எப்படி வர வைக்கறாங்க, தனித்தனியா எடை போட்டா? இன்னொண்ணும் கேக்கணும், அம்மாவுக்கு முழுங்க கஷ்டமா இருக்குன்னு அசிடிட்டிக்கு குடுத்த ஒமிப்ரசோல் கேப்சூல பிரிச்சு உள்ள இருக்கற குட்டி உருண்டைகள நல்லா நுணுக்கி தண்ணில கலந்து குடுக்கறேன், அது சரியா?

கிரானுலேஷன்காரன்:
மாத்திரை தயாரிக்கற இடத்துல 11 வருஷமா இருக்கேன். சுண்ணாம்பு இல்லீங்க, பெரும்பாலும் லாக்டோஸ், ஸ்டார்ச், செல்லுலோஸ் பவுடர்தான். 50 மைக்ரோகிராம மட்டும் குடுத்தா உங்களால கையில எடுக்கவே முடியாது, அதுக்குத்தான் இந்த நிரப்பு.

மொத்த மருந்தையும் மொத்த லாக்டோஸ்ல கொட்டி சுத்த விட்டா ஒரு மூலைல மருந்து கட்டியா நிக்கும், இன்னொரு மூலைல ஒண்ணுமே இருக்காது. அதனால மருந்து எவ்ளோ இருக்கோ அதே அளவு லாக்டோஸ் போட்டு கலப்போம், வந்த கலவைக்கு சமமா திரும்ப லாக்டோஸ், திரும்ப சமமா, இப்படியே இரட்டிச்சுட்டே போகணும். 11 தடவை இரட்டிச்சா 1 பங்கு மருந்து 2048 பங்கு கலவைல பரவிடும். 100 மில்லிகிராம் மாத்திரைல 50 மைக்ரோகிராம்னா கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான்.

வெறும் பவுடர் மெஷின்ல சீரா ஓடாது, அதனால நிறைய மாத்திரைக்கு பைண்டர் கரைசல், அதாவது பவுடர ஒட்ட வைக்கற பசை, ஊத்தி ஈரமா பிசையறோம். பதம் எப்படித் தெரியும்னா, ஒரு பிடி எடுத்து அழுத்தினா உருண்டையா நிக்கணும், கட்டை விரலால தட்டினா ரெண்டா உடையணும், விரல்ல ஒட்டக்கூடாது. இப்ப மிக்ஸர் மோட்டார் எவ்ளோ கரண்ட் இழுக்குதுன்னு பாத்தே சொல்லிடலாம், ஆனாலும் பழைய ஆளுங்க கைல எடுத்துப் பாக்காம விட மாட்டாங்க. அப்புறம் காய வெச்சு சலிச்சு குருணையாக்கி, கடைசியா மெக்னீசியம் ஸ்டியரேட்ங்கற வழுக்கற பவுடர் கொஞ்சூண்டு, மாத்திரைய நசுக்கற பஞ்ச்ல ஒட்டாம இருக்க. அத ரொம்ப நேரம் கலக்கிட்டா குருணை மேல மெழுகு பூசின மாதிரி ஆயி மாத்திரையும் தொளதொளன்னு வரும், தண்ணியும் உள்ள போகாது.

ஒவ்வொண்ணையும் எடை போட்டு நிரப்பறது கிடையாது, குழியோட கொள்ளளவுதான் கணக்கு. டைங்கற குழில கீழ் பஞ்ச் இறங்கும், குருணை வந்து நிரம்பும், மேல இருக்கறத தகடு வழிச்சு விட்டுரும், மேல் பஞ்ச் வந்து நசுக்கும். மணிக்கு லட்சக்கணக்குல வரும். ஒரு நைட் ஷிஃப்ட்ல குருணைய ஓவரா காய வெச்சுட்டேன், வந்த மாத்திரைல பாதி மூடி கழண்ட மாதிரி மேல் பாகம் பேந்து பேந்து விழுந்துச்சு, மெஷின நிறுத்தி விடிய விடிய பொறுக்கினோம்.

கண்ணாடிக்குழாய்:
நான் க்வாலிட்டி கண்ட்ரோல். இந்த மாதிரி கம்மி டோஸ்னா 10 மாத்திரைய தனித்தனியா கரைச்சு ஒவ்வொண்ணுலயும் மருந்து எவ்ளோன்னு பாப்போம், சராசரி சரியா வந்தா மட்டும் போதாது. அப்புறம் டிரம்ல போட்டு நிமிஷத்துக்கு 25 சுத்து, 4 நிமிஷம் உருட்டுவோம், எடை 1 சதவீதத்துக்கு மேல உதிரக்கூடாது. 37 டிகிரி தண்ணில ஆறு குழாய்ல ஆறு மாத்திரை போட்டு மேலயும் கீழயும் ஆட்டி எவ்ளோ நேரத்துல உடையுதுன்னும் பாப்போம்.

மருந்தாளுநர்:
மழைத்துளி, நுணுக்கறத இன்னையோட நிறுத்துங்க ப்ளீஸ். அந்த உருண்டை ஒவ்வொண்ணு மேலயும் வயித்து அமிலத்துல கரையாத கோட்டிங் இருக்கு, ஏன்னா ஒமிப்ரசோல் அமிலம் பட்டா கெட்டுப் போயிடும். குடலுக்குப் போனப்புறம்தான் அந்த கோட்டிங் கரையும். நீங்க நுணுக்கறப்ப அத உடைச்சுடறீங்க, அம்மாவுக்கு மருந்து பாதிகூட போகாம இருந்திருக்கலாம். உருண்டைய உடைக்காம அப்படியே முழுங்க வைக்கற வழி சில பிராண்டுக்கு உண்டு, அட்டையோட உங்க டாக்டர்கிட்டயோ மருந்துக்கடைலயோ காட்டி கேளுங்க. மேல இருக்கற ஓடு வெறும் ஜெலட்டின்தான், ஸ்டீல் கம்பிகள ஜெலட்டின் கரைசல்ல முக்கி எடுத்து காய வெச்சு உருவறது. சைவம் வேணும்னா செல்லுலோஸ்ல செஞ்சதும் இருக்கு.

மழைத்துளி:
ஐயோ, மூணு வாரமா நுணுக்கித்தான் குடுத்தேன், நெஞ்செரிச்சல் குறையலயேன்னு அம்மா சொன்னப்பகூட புரியல. நாளைக்கு அட்டையோட டாக்டர்கிட்ட போறேன். தைராய்டு மாத்திரைய பாதியா உடைச்சு குடுக்கலாமான்னும் கேட்டுட்டு வரேன், அதுல நடுவுல கோடு இருக்கு.

கிரானுலேஷன்காரன்:
கோடு இருந்தா பெரும்பாலும் உடைக்கறதுக்குத்தான், ஆனா டாக்டர் டோஸ் மாத்தினா மட்டும் பண்ணுங்க. உடைச்சா ரெண்டு பாதியும் சமமா வந்துச்சான்னு பாருங்க, ஓரம் உதிர்ந்தா அந்தத் தூள்லயும் மருந்து இருக்கு.