மூணாறு ரோட்டில் ஜகரண்டா பார்க்க எந்த வாரம் கிளம்பலாம்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

வணக்கம் நண்பர்களே. பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அம்மாவுக்கு மரம் என்றால் உயிர். கோயிலுக்குக் கூட்டிப் போனாலும் சாமி கும்பிட்ட நேரத்தைவிட வாசலில் நிற்கும் மகிழ மரத்தடியில் பூப் பொறுக்கிய நேரம்தான் அதிகமாக இருக்கும். போன வாரம் சொந்தக்காரர் ஒருவர் மூணாறு ஜகரண்டா வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பித் தொலைத்தார். தேயிலைச் சரிவுக்கு நடுவே ரோட்டோரம் வரிசையாக ஊதா மரங்கள், தரையிலும் ஊதா. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

எங்கள் நிலவரம் இதுதான். பழைய ஆல்டோ, ஓட்டுவது நான். அம்மாவுக்கு முழங்கால் வலி, வண்டியில் இருந்தபடியோ நாலடி நடந்தோ பார்க்கிற மாதிரி இருந்தால்தான் உண்டு. அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் வந்தே தீருவோம் என்று அடம் பிடிக்கிறார்கள், அவர்களுக்குப் பரீட்சை முடிவது மார்ச் கடைசியில், அதனால் ஏப்ரல் முதல் வாரம்தான் வசதி. ஆனால் அதற்குள் பூவெல்லாம் கொட்டிவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். டிராவல்ஸ்காரர் ஒருவரிடம் கேட்டால் "மே வரைக்கும் இருக்கும் சார், எப்ப வேணாலும் வாங்க" என்கிறார், எனக்கென்னவோ அவர் மே மாத ரூமை விற்கப் பார்க்கிறார் என்றுதான் தோன்றுகிறது.

யோசித்து வைத்திருக்கும் வழி: பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு ஏறி ஒரு ராத்திரி தங்கல். மறுநாள் பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிக்கு இறங்கி, தேனி, பழனி சுற்றி வீடு. போன ரோட்டிலேயே எதற்குத் திரும்பி வர வேண்டும் என்றுதான். இது சரிப்படுமா? வழியில் வேறு என்னென்ன மரம் பூத்திருக்கும்? அப்புறம், அப்படியே குறிஞ்சியையும் பார்த்துவிடலாமா என்று அம்மா கேட்கிறார்.

வாகுவரை லயம்:

குறிஞ்சியை முதலில் முடித்துவிடுவோம். நீலக்குறிஞ்சி கடைசியாகப் பெரிய அளவில் பூத்தது 2018-ல். 12 வருடக் கணக்கு, அடுத்தது 2030. அது மரமும் இல்லை, இடுப்பளவுப் புதர். பூக்கிற காலமும் ஆகஸ்ட் பக்கம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

இனி ஜகரண்டா. நான் பிறந்து வளர்ந்தது இந்த ரோட்டோர எஸ்டேட் லயத்தில்தான் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பள்ளிக்கூடம் போனது இந்த மரங்களுக்கு அடியில்தான். பிப்ரவரி கடைசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கும். மார்ச் நடுவில் நிறைந்து நிற்கும். ஏப்ரல் பிறந்தால் மரத்தில் இருப்பதைவிடத் தரையில் இருப்பது அதிகம். மே என்று சொன்னவர் உங்களுக்கு இலையைத்தான் காட்டுவார். ஆனால் இந்தத் தேதியெல்லாம் மழையின் தயவு. ஏப்ரலுக்கு முன்னாலேயே காற்றோடு ஒரு கோடை மழை அடித்தால் போதும், ராத்திரி நிறைந்து நின்ற மரம் காலையில் பாதியாகிவிடும். பனி காலம் நீண்டால் தொடங்குவதும் தள்ளிப் போகும். அதனால் இரண்டு மாதம் முன்னாடியே ரூம் போட்டு உட்கார்ந்துகொள்ளாமல், இங்கே இருக்கும் யாரிடமாவது கேட்டுவிட்டு அந்த வாரம் கிளம்புவதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று. எல்லா மரமும் ஒரே நாளில் பூத்து நிற்கும் என்று நினைத்து வராதீர்கள். ஒரு வளைவில் இலையே இல்லாமல் உச்சி முதல் கிளை நுனி வரை ஊதாவாக ஒரு மரம் நிற்கும், அதற்கு இருபதடி தள்ளி நிற்பது போன வருடத்து நெற்றோடு மொட்டையாக இருக்கும். அந்த நெற்றையும் பிள்ளைகளிடம் காட்டுங்கள், உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக, கட்டை மாதிரிக் கெட்டியாக இருக்கும், இரண்டாகப் பிளந்தால் உள்ளே கண்ணாடித்தாள் போன்ற இறகு வைத்த விதைகள், ஊதினால் பறக்கும். பூ விரல் நீளக் குழல். வெளியே ஊதா, தொண்டைக்குள் வெளுப்பு, நடுவில் ரோமம் முளைத்த ஒரு காம்பு துருத்திக்கொண்டிருக்கும். விழுந்த பூவே வேண்டிய மட்டும் கிடக்கும், கிளையை வளைத்து செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறையூரிலிருந்து மூணாறு ஏறும் 40 கிலோமீட்டரில்தான் நல்ல வரிசைகள் இருக்கின்றன. தலையார், வாகுவரைப் பக்கம் வண்டியை ஓரம் கட்டினால் அம்மா கதவைத் திறந்து உட்கார்ந்தபடியே பார்க்கலாம். வளைவில் மட்டும் நிறுத்தாதீர்கள், கொழுந்து ஏற்றிய டிராக்டரும் பஸ்ஸும் வரும் ரோடு. உச்சி வெயிலில் இந்த நிறம் வானத்தோடு கரைந்து செத்துப் போகும், காலை 7 முதல் 9 வரை, இல்லாவிட்டால் மூடாக்கான மத்தியானம். இரவிகுளம் பூங்காவை வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் பொதுவாக மூடிவிடுவார்கள், அதில் உங்களுக்கு ஒரு லாபம், பூங்காவின் ராஜமலை வாசலில் நிற்கும் வண்டி வரிசை அப்போது இருக்காது.

தேயிலைக்கு நடுவே நெட்டையாக நிற்கும் சில்வர் ஓக்கையும் கவனியுங்கள். யாரும் அதைப் பார்க்க வருவதில்லை, ஆனால் மார்ச் கடைசி, ஏப்ரலில் அது ஆரஞ்சும் தங்கமும் கலந்து பூக்கும், பூவிலிருந்து தேன் சொட்டும். நிழலுக்காகக் கிளை கழிக்கப்பட்டவற்றில் அவ்வளவாக இருக்காது, கழிக்காமல் ஓரத்தில் விட்ட மரங்களைப் பாருங்கள்.

மறையூர் ஜீப்காரன்:

வாகுவரைத் தம்பி மேலே இருப்பதை மட்டும் சொல்லிவிட்டார், கீழே இருப்பதை விட்டுவிட்டார். உடுமலை வழி வருகிறவர்களுக்கு மரம் பார்ப்பது மூணாறில் தொடங்குவதில்லை, அமராவதியில் தொடங்குகிறது. சின்னாறு மழை மறைவுப் பிரதேசம். பிப்ரவரி, மார்ச்சில் காடு முழுக்க இலை உதிர்த்துக் காய்ந்து கிடக்கும், அந்தக் காய்ந்த காட்டில்தான் முள்ளிலவும் புரசும் பூக்கும். வருகிற பாதிப்பேர் இங்கே ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டே கடக்கிறார்கள். எனக்கு இதைப் பார்த்தால் வயிற்றெரிச்சல்.

புரசம் பூவைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? மொட்டின் அடிக்கிண்ணம் கறுப்பு வெல்வெட், அதிலிருந்து கிளிமூக்கு மாதிரி வளைந்து ஆரஞ்சு இதழ். வாசனை கிடையாது, பறவைகளுக்கென்றே பூக்கிற பூ. மைனா, கரிச்சான், தேன்சிட்டு எல்லாம் காலையில் அந்த மரத்தில்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். முள்ளிலவு பூ கனமானது, விழுந்தால் சத்தம் கேட்கும், புள்ளிமான் வந்து பொறுக்கித் தின்னும். இரண்டுக்கும் மாசிதான் உச்சம், மார்ச் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்ச் நடுவில் வந்தால் கீழே புரசின் கடைசியும் மேலே ஜகரண்டாவின் உச்சமும் கிடைக்கும். ஏப்ரல் முதல் வாரம் வந்தால் கீழே புரசு இருக்காது, பதிலாகக் கொன்றை தொடங்கியிருக்கும், மேலே ஜகரண்டாவின் மிச்சமும் சில்வர் ஓக்கும். ஒரே நடையில் எல்லாமும் என்றால் நடக்காது, 500 மீட்டர் உயரத்தில் ஒரு பருவம், 1,500-ல் ஒரு பருவம். உங்கள் அம்மாவுக்கு ஜகரண்டாதான் வேண்டும் என்றால் பிள்ளைகளுக்காக ஏப்ரலுக்குத் தள்ளாதீர்கள்.

போடி வழி இறங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ரோடு அருமையான ரோடுதான், மூணாறிலிருந்து பூப்பாறை போகும் கேப் ரோட்டிலிருந்து பார்க்கிற காட்சிக்கு ஈடு கிடையாது. ஆனால் போடிமெட்டிலிருந்து இறங்க 17 கொண்டை ஊசி வளைவு, அதற்கு அப்புறம் தேனி, வத்தலக்குண்டு, பழனி என்று சமவெளி வெயிலில் பகல் முழுக்க ஆல்டோவில் உட்கார்ந்து வந்தால் முழங்கால் வலிக்காரர் என்ன ஆவார்? வந்த வழியே திரும்புங்கள். ஏறும்போது மலைப்பக்கம் பார்த்த மரங்களை இறங்கும்போது வேறு வெளிச்சத்தில் பார்ப்பீர்கள், அலுக்காது. மறையூரில் நிறுத்திச் சர்க்கரை உருண்டை (வெல்லம்தான்) வாங்குங்கள், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, ஆனால் ரோட்டோரக் கடையில் அடுக்கியிருப்பதை வாங்காமல் காய்ச்சுகிற ஆலைக் கொட்டகையில் வாங்குங்கள்.

புங்கமரத்தடி:

சித்தூர்க்காரன். மேலே எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு ஒன்று புரிவதே இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வெள்ளைக்காரன் அழகுக்குக் கொண்டுவந்து வைத்த மரத்தைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் மலை ஏறுகிறோம், நம் வீட்டு வாசலில் நிற்கும் புங்க மரத்தை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பங்குனியில் பழைய இலை கொட்டி, எண்ணெய் தடவியது போன்ற தளிர் விட்டு, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து, விடிகாலையில் அடியில் போய் நின்றால் தேனீ இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. வாசல் பெருக்குகிற பெண்கள் மட்டும்தான் அதைக் கவனிக்கிறார்கள், அதுவும் திட்டிக்கொண்டே.

சரக்கொன்றையைச் சொல்லவே வேண்டாம். கொல்லங்கோடு, நெம்மாறைப் பக்கம் ஏப்ரலில் காரை ஓட்டுங்கள், விஷுவுக்குக் கணி வைக்கிற கொன்றை வேலி வேலியாக மஞ்சளாய்த் தொங்கும். இப்போதெல்லாம் வெயில் முந்துவதால் மார்ச்சிலேயே பூத்து, விஷு அன்று கிடைக்காமல் ஜனங்கள் அலைகிற வருடமும் உண்டு. போகிறவர்கள் மலையாள மீன மாதம் (நம் பங்குனி) 20-ஆம் தேதி மட்டும் நெம்மாறை வழி வேண்டாம், அன்று நெம்மாறை வல்லங்கி 'வேலை' என்கிற கோயில் திருவிழா, வண்டி நகராது. அந்தத் திருவிழாவையே பார்க்கப் போவதானால் அது வேறு கதை.

வயநாட்டுப் பக்கம் காட்டுக்குள் மஞ்சளாக நிற்பதைக் கொன்றை என்று படம் பிடித்துப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் பெரும்பாலானது மஞ்சக்கொன்னை என்கிற வெளிநாட்டு மரம், அடியில் புல் முளைக்க விடாது, மானுக்கும் யானைக்கும் தீனி இல்லாமல் செய்துவிடும், வனத்துறை அதை ஒழிக்கப் படாத பாடு படுகிறது. அழகாக இருப்பதெல்லாம் நல்லதில்லை.

வாகுவரை லயம்:

புங்கமரத்தடி அண்ணே, மஞ்சக்கொன்னை விஷயத்தில் முழுக்க உங்கள் கட்சி. ஆனால் ஜகரண்டாவை அதோடு சேர்க்காதீர்கள், இங்கே அது வைத்த இடத்தில் நிற்கிறது, சோலைக்குள் ஏறிப் பரவி நான் பார்த்ததில்லை. வெளியூர் மரம் என்றால் தேயிலை எந்த ஊர்? சில்வர் ஓக் ஆஸ்திரேலியா. எங்கள் பாட்டன் பூட்டனையே 1880-களுக்கு அப்புறம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணி வைத்து ஏற்றிக் கொண்டுவந்ததுதானே. இந்த மலையில் வெளியூர் யார், உள்ளூர் யார் என்று கணக்கெடுக்க ஆரம்பித்தால் லயத்தில் ஒரு வீடு மிஞ்சாது. அம்மா ஆசைப்பட்ட மரத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும். புங்கமும் பார்க்கட்டும்.

குமுளி ஏலத்தோட்டம்:

மரம் இல்லை, செடிதான், இருந்தாலும் சொல்கிறேன். கோடையில் முதல் நல்ல மழை பெய்து ஒரு வாரம், பத்து நாளில் காப்பி பூக்கும். இலையே தெரியாத அளவுக்குக் கிளை நெடுக வெள்ளை, மல்லிகை வாசம், மூன்று நான்கு நாளில் கருகிவிடும். நீங்கள் கொழிஞ்சாம்பாறை என்பதால் எங்கள் பக்கம் வர வேண்டியதில்லை, நெல்லியாம்பதியிலேயே காப்பித் தோட்டம் இருக்கிறது, போத்துண்டி அணை வழியாக ஏறினால் காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம். மழை பெய்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு எண்ணுங்கள், அவ்வளவுதான்.

பதிமூன்று கண் பாலம்:

செங்கோட்டையிலிருந்து. பிள்ளைகளுக்கு லீவு ஏப்ரல், மே முழுக்க இருக்கிறதே, அவர்களுக்குத் தனியாக ஒன்று வையுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து கேரள ரோடுகளில் மணிமருது ஊதாவில் பூக்கும், ஜகரண்டா தப்பிப் போனவர்களுக்கு அதுவே போதும், நாங்கள் ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போகும்போது பார்த்துக்கொண்டே போவோம். மே மாதம் என்றால் உங்கள் பக்கத்திலேயே சொர்ணூர், நிலம்பூர் ரயில் பாதையில் மேலாற்றூர் ஸ்டேஷன், குல்மோகர் பூ கொட்டி தண்டவாளமே சிவப்பாகக் கிடக்கும். ரயிலில் போனால் அம்மாவுக்கு முழங்கால் தொல்லையும் இல்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். புங்கமரத்தடி எழுதியதைக் கேட்டு "யாருடா இவரு, சரியாச் சொல்றாரு" என்றார், ஆனால் ஜகரண்டா வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. முடிவு இதுதான்: மார்ச் நடுவில் நானும் அம்மாவும் மட்டும் மூணாறு, போன வழியே திரும்புகிறோம். பிள்ளைகளுக்கு மே மாதம் மேலாற்றூர் ரயில். அக்காதான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கடைசியாக இரண்டு சந்தேகம். சின்னாறு காட்டு ரோட்டை எத்தனை மணிக்குக் கடப்பது நல்லது? ஊட்டிக்கு வாங்குகிற மாதிரி இ-பாஸ் எதுவும் வேண்டுமா?

மறையூர் ஜீப்காரன்:

இ-பாஸ் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்தான், மூணாறுக்குக் கிடையாது. செக்போஸ்டில் வண்டி நம்பர், பெயர் எழுதுவார்கள், பிளாஸ்டிக் பாட்டிலைப் பார்த்தால் கேட்பார்கள், தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோலை உடுமலையிலேயே நிரப்பிவிடுங்கள். காட்டு ரோட்டில் காலை 7 மணிக்கு மேல் நுழைந்தால் வெளிச்சமும் இருக்கும், பறவையும் இருக்கும். திரும்பும்போது நாலு மணிக்குள் மறையூரைத் தாண்டிவிடுங்கள், பொழுது சாய்ந்தால் யானை தண்ணீருக்கு ரோட்டைக் கடக்கும். எதிரே நின்றால் ஹார்ன் அடிக்காமல், இறங்காமல், பின்னால் இடம் விட்டு நில்லுங்கள், அது போகிறபோது போகும். சனி, ஞாயிறு வேண்டாம், செவ்வாய் அல்லது புதன் வாருங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் இங்கேயே ஒரு வரி போடுங்கள், எந்த வளைவில் மரம் நிறைந்து நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.