நம்ம குடும்பம் குரூப்: முரளி மாப்பிள்ளை கிட்னி விஷயம்

கீதா: சித்தி, அவருக்கு ஆன்ட்டி ஜிபிஎம்னு ஒரு கிட்னி நோய்னு சொல்றாங்க. கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு, ஏறினா கிட்னி கெடுதுன்னு அர்த்தம்) திங்கட்கிழமை 2.1, இன்னைக்கு 3.8. பயாப்ஸி ரிசல்ட் வரும்முன்னே மருந்து ஆரம்பிக்கணுமாம். கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமா?

செல்வி சித்தி: பொறுக்கவே கூடாது கீதா. உடம்பே உண்டாக்குற ஆன்டிபாடி கிட்னி வடிகட்டிச் சவ்வைக் கிழிக்குது, அதான் மூத்திரம் டீத்தண்ணி மாதிரி போகுது. கிரியாட்டினின் 5.7-க்குக் கீழ இருக்கும்போதே ஆரம்பிச்சா பெரும்பாலும் கிட்னி தப்பிக்கும். டயாலிசிஸ் வரைக்கும் போயிட்டா மீள்றது அபூர்வம்.

ரவி மாமா: ஆன்டிபாடி டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தாச்சா? பிளாஸ்மா மாத்துறதுக்கு (அந்த ஆன்டிபாடி இருக்கிற ரத்தத்தோட நீர்ப்பகுதியை எடுத்துட்டு வேற திரவம் ஏத்துறது) முன்னாடியே எடுக்கணும், அப்புறம் எடுத்தா அளவு குறைச்சுக் காட்டும். கூடவே ஆன்காவும் (ரத்தக்குழாயைக் கெடுக்குற இன்னொரு ஆன்டிபாடி) பாக்கச் சொல்லு, ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு அதுவும் சேந்து இருக்கும். இருந்தா நோய் திரும்ப வரலாம், மருந்தும் நீளும்.

கீதா: ரெண்டுக்கும் காலைலயே எடுத்துட்டாங்க மாமா. பிளாஸ்மா எத்தனை நாள்?

செல்வி சித்தி: தினம் ஒரு தடவை, வழக்கமா 14 நாள். ஆன்டிபாடி போகலைன்னா இன்னும் நீளும். ஒரு தடவைக்குச் சுமார் 4 லிட்டர் எடுத்துட்டு 5% ஆல்புமின் (ரத்தத்துல இருக்கிற ஒரு புரதம்) ஏத்துவாங்க. ரத்தம் உறையவைக்கிற புரதமும் வெளிய போயிடும். அதனால பயாப்ஸி எடுத்த உடனே செஞ்சாலோ, இருமல்ல ரத்தம் வந்தாலோ, கடைசில தானமா வந்த ஃப்ரெஷ் பிளாஸ்மா சேப்பாங்க. நடுவுல உதடு, விரல் நுனி மரமரன்னு இருந்தா உடனே சொல்லச் சொல்லு, கால்சியம் இறங்குது. புது ஆன்டிபாடி உண்டாகாம தடுக்க ஸ்டீராய்டு, சைக்ளோபாஸ்பமைடு கூடவே ஓடும். அந்த மாத்திரையெல்லாம் அன்னன்னைக்குப் பிளாஸ்மா முடிஞ்ச பிறகுதான், முன்னாடி போட்டா அதுவும் சேந்து வெளிய போயிடும்.

கார்த்தி: அண்ணி, கடைல கிடைக்கிறது பெரும்பாலும் 20% ஆல்புமின், 100 மில்லி. ஒரு பாட்டில்ல 20 கிராம். 4 லிட்டருக்கு 200 கிராம், அதாவது 10 பாட்டில். ஒவ்வொண்ணுக்கும் 300 மில்லி நார்மல் சலைன் கலந்தா 5% ஆகும். வெறும் ஸ்டெரைல் வாட்டர்ல கலக்கவே கூடாது, சிவப்பணு உடைஞ்சிடும்.

ரவி மாமா: மாப்பிள்ளை சிகரெட்டை முழுசா நிறுத்தணும். இதே சவ்வு நுரையீரல்லயும் இருக்கு, புகை பட்டா அங்கேயும் ரத்தம் கசியும். வலி மாத்திரை டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் தொடவே வேண்டாம்.

கீதா: சீட்டு குடுத்துட்டாங்க கார்த்தி, இன்னைக்கு 10.

கார்த்தி: எக்ஸ்பைரி பாத்து வாங்குங்க அண்ணி. கலங்கலா இருந்தா, உறைஞ்சிருந்தா திருப்பிக் குடுத்துடுங்க.