ஆற்றங்கரை வீடு: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

*அமைந்தகரை அத்தை, காலை 6:48*
[படம்]
அண்ணா, மொட்டை மாடியிலிருந்து எடுத்தது. ராத்திரியோடு ராத்திரியாகக் கூவத்துக்குள் மண்ணைக் கொட்டிப் பாதி அகலத்துக்கு மேடு போட்டிருக்கிறார்கள். அதன்மேல் துளை போடுகிற பெரிய வண்டி ஒன்று நிற்கிறது. தூண் நம் பின்சுவருக்கு எவ்வளவு பக்கத்தில் வரும் என்று கேட்டேன். அங்கே நிற்கிற பையன்களுக்குத் தெரியவில்லை.

*பெரியப்பா, 7:05*
பார்த்தேன்மா. அந்த வண்டிக்குப் பெயர் ரிக். சென்னைத் துறைமுகம் மதுரவாயல் மேம்பாலத்துக்கான பைல் வேலை, அதாவது தூணைத் தாங்க ஆழமாகத் துளை போட்டுக் கான்கிரீட் இறக்குவது. படத்தில் ரிக் நிற்கிற இடத்திலிருந்து நம் சுவர் தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் கண் மதிப்பை நம்ப வேண்டாம். ஒவ்வொரு தூணுக்கும் ஒரு எண் உண்டு, வரைபடத்தில் அது எங்கே வருகிறது என்று போட்டிருக்கும். அதைக் கேட்டு வாங்கலாம்.

*அமைந்தகரை அத்தை, 7:09*
சாம்பல் நிறத்தில் கஞ்சி மாதிரி எதையோ குழிக்குள் விடுகிறார்களே, அது என்ன? ஆற்றில் கலந்தால் கெடுதல் இல்லையா?

*பெரியப்பா, 7:21*
அது பென்டோனைட் கரைசல். ஒரு வகைக் களிமண். துளை போடும்போது சுற்றியுள்ள மண் குழிக்குள் சரியாமல் தாங்கிப் பிடிக்கும். அப்புறம் கம்பிக் கூட்டை இறக்கி, நீளக் குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட் போடுவார்கள். கான்கிரீட் மேலே ஏற ஏற இந்தக் கரைசல் வெளியே வரும். அதைத் தொட்டியில் பிடித்து மறுபடி பயன்படுத்த வேண்டும். ஆற்றில் திறந்துவிட்டால் அது தப்பு. அப்படி ஓடினால் தேதியோடு படம் எடுத்து வை.

*கதிர், 7:30*
பெரியப்பா, ஊரில் இவ்வளவு இடம் இருக்கும்போது ஏன் ஆற்றைத் தேடிப் போனார்கள்?

*பெரியப்பா, 7:44*
இடம் எங்கே இருக்கிறது கதிர்? மதுரவாயலிலிருந்து துறைமுகத்துக்கு நேர்வழி என்றால் பூந்தமல்லி நெடுஞ்சாலைதான். இரண்டு பக்கமும் கடை, ஆஸ்பத்திரி, காலேஜ், கோயில். ஒரு பகுதியில் சாலைக்கு அடியில் மெட்ரோ சுரங்கம் போகிறது. அகலப்படுத்துவதென்றால் ஆயிரக்கணக்கான கட்டடங்களில் கை வைக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு வழக்கு. கூவமோ கோயம்பேடு, அமைந்தகரை, சேத்துப்பட்டு, எழும்பூர், சிந்தாதிரிப்பேட்டை என்று போய் நேப்பியர் பாலத்தில் கடலைத் தொடுகிறது. அங்கிருந்து துறைமுகம் பக்கத்தில்தான். நிலமும் அரசு நிலம். ஆறு யாரிடமும் நஷ்டஈடு கேட்காது. அதனால்தான் பாதை அங்கே போயிற்று.

*அமைந்தகரை அத்தை, 7:47*
ஆறு கேட்காது அண்ணா, கரையில் இருந்தவர்கள் கேட்டார்களே. நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மா இதே கரையில் இருபது வருஷம் இருந்தவர். கரையைக் காலி செய்ய வைத்து, இப்போது தள்ளிப் பெரும்பாக்கத்தில் மாடி வீடு. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருகிறார். பேத்திக்கு நடுவருஷத்தில் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டியதாயிற்று.

*பெரியப்பா, 7:52*
ஆமாம்மா, நீ சொன்னதுதான் சரி. நான் கட்டடத்தை மட்டும் நினைத்து எழுதிவிட்டேன்.

*மாமா, 8:15*
மச்சான், வணக்கம். லாரிக்காரன் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூரில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு மதுரவாயல் வரை வந்துவிடுவோம். பகலில் ஊருக்குள் கனரக வண்டியை விடமாட்டார்கள். எங்காவது ஓரம் கட்டி, இருட்டிய பிறகு கிளம்பி, துறைமுக கேட்டில் மறுபடி வரிசை. டிரைவருக்கு வண்டியிலேயே தூக்கம், குளிக்க இடமில்லை. நேர்வழியில் இருபது கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை, அதற்கு ஒரு ராத்திரி போகிறது. இந்தப் பாலத்துக்கு 2009-லிருந்து காத்திருக்கிறோம்.

*செல்வி, 8:20*
2009-ஆ? எனக்கு நினைவு தெரிந்து கோயம்பேடு பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் தலையில்லாத தூண்கள்தான் நிற்கும். உச்சியில் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும். கல்யாணம் ஆகி ஊரைவிட்டுப் போய்த் திரும்பி வந்தும் அப்படியே நின்றன.

*பெரியப்பா, 8:41*
அதன் கதை இதுதான் செல்வி. 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். சுமார் 19 கிலோமீட்டர், நாலு வழி. கொஞ்சம் தூரம் தூண்களும் எழும்பின. 2012 மார்ச்சில் மாநில அரசு வேலையை நிறுத்தச் சொன்னது. தூண்கள் ஆற்றுக்குள் வருகின்றன, வெள்ளம் போக வழி அடைபடும் என்பது காரணம். வழக்கு நடந்து 2014 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அப்படியும் வேலை தொடங்கவில்லை. 2022 மே மாதம் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், மாநில அரசு, துறைமுகம், கடற்படை நாலு பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். 1,800 கோடி ரூபாய் அளவில் பேசிய வேலை 5,800 கோடியைத் தாண்டிவிட்டது.

*கதிர், 8:44*
கடற்படை எதற்கு?

*பெரியப்பா, 8:46*
நேப்பியர் பாலத்தின் பக்கம் அவர்கள் இடம் இருக்கிறது.

*பெரியப்பா, 8:58*
ஒன்று சொல்ல வேண்டும். அன்று நிறுத்தியதை வெறும் அரசியல் என்று பலரும் சொன்னார்கள். பாலம் வேலையிலேயே முப்பது வருஷம் இருந்த எனக்கு அப்படித் தள்ளிவிட மனசு வரவில்லை. ஆற்றுக்குள் தூண் வைப்பது கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் கவலைப்பட்டிருந்தால் அடுத்த வருஷமே பாதையை மாற்றியிருக்க வேண்டும், இல்லை நின்ற தூண்களை எடுத்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. பத்து வருஷம் ஆறு தூண்களையும் சுமந்தது, மாப்பிள்ளைக்குப் பாலமும் கிடைக்கவில்லை.

*மாமா, 9:02*
அதுதான் மச்சான் என் ஆதங்கமும்.

*செல்வி, 9:10*
இப்போது வருவது இரண்டு அடுக்கு என்கிறார்களே. நாம் அதில் போகலாமா, லாரிக்கு மட்டுமா?

*பெரியப்பா, 9:24*
மேல் அடுக்கு துறைமுக லாரிகளுக்கு. நடுவில் எங்கும் இறங்காமல் மதுரவாயல் போய்விடும், அங்கே பைபாஸும் பெங்களூரு சாலையும் இருக்கின்றன. கீழ் அடுக்கு ஊர் வண்டிகளுக்கு, நேப்பியர் பாலம் பக்கத்திலிருந்து கோயம்பேடு வரை. அதில் ஏறவும் இறங்கவுமாக 13 ரேம்ப், அதாவது சாய்வுப் பாதைகள். கோயம்பேட்டைத் தாண்டினால் ஒரே அடுக்குதான்.

பாலத்தைவிட ரேம்ப் வந்து தொடுகிற தெருவைத்தான் நான் கவனிப்பேன். 1-க்கு 30 சரிவு என்று வைத்துக்கொள். எட்டு மீட்டர் உயரத்திலிருந்து இறங்க 240 மீட்டர் நீளம் வேண்டும். நம் தெருவே அவ்வளவு நீளம் இருக்குமா? இறங்குகிற வண்டி அத்தனையும் அந்த முனையில் சிக்னலில் வந்து நிற்கும். பள்ளிக்கூட நேரத்தில் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

*அமைந்தகரை அத்தை, 9:31*
அண்ணா, எனக்கு ரேம்ப்பைவிட மழைதான் பயம். மாடிப்படி ஓரம் அப்பா கரித்துண்டால் போட்ட கோடு ஞாபகம் இருக்கிறதா? 2015 டிசம்பரில் தண்ணீர் வந்து நின்ற உயரம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டை மட்டும் விட்டு அடிக்கச் சொல்வேன். இப்போது இந்த மண்மேடு அப்படியே கிடந்து ஐப்பசியில் தண்ணீர் வந்தால்?

*பெரியப்பா, 9:50*
அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தூணின் தடிமனால் மட்டும் வெள்ளம் நிற்காது. நல்ல இடைவெளி விட்டு, தண்ணீர் போகும் திசைக்கு ஏற்பத் தூணை வைத்தால் நீர்மட்டம் கொஞ்சம்தான் ஏறும். ஆபத்து இரண்டு இடத்தில். ஒன்று, ரிக் நிற்பதற்காகப் போட்ட இந்த மண். பல டன் எடையுள்ள வண்டி சேற்றில் நிற்காது, அதனால் மேடு போடுவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அதை ஆற்றின் அடிமட்டம் வரை வாரி எடுக்க வேண்டும். மேலாக வழித்துவிட்டுப் போனால் மிச்சம் அடியில் கெட்டியாகிவிடும். இரண்டாவது, ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் வந்து தூணில் மாட்டிக்கொள்வது. ஒன்று மாட்டினால் அடுத்தது அதில் மாட்டும், இரண்டு நாளில் ஒரு தடுப்பணை மாதிரி ஆகிவிடும். போதாததற்கு முகத்துவாரத்தில் மணல் வேறு அடைத்துக்கொள்ளும்.

*கதிர், 9:54*
இப்போது புது வேலைக்காகப் பழைய தூண்களை இடித்தார்களே, அவை அடியோடு போயிற்றா?

*பெரியப்பா, 9:57*
அடித்தளத்தைத் தோண்டி எடுப்பது கஷ்டம். ஆற்றின் அடிமட்டத்துக்குக் கீழே வரை வெட்டியிருக்க வேண்டும். நம் பகுதியில் பழைய மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று அதையும் கேட்க வேண்டியதுதான்.

*மாமா, 10:05*
நான் பாலம் வேண்டும் என்கிறவன். ஆனாலும் தங்கச்சி வீட்டுக்குள்ளோ வேறு யார் வீட்டுக்குள்ளோ தண்ணீர் வந்து எனக்குப் பாதை கிடைக்க வேண்டாம். மனு எழுதுங்கள் மச்சான், என் லாரி சங்கத்து நண்பர்களும் கையெழுத்துப் போடுவார்கள். பாலம் வேண்டும் என்கிறவர்களே இதைக் கேட்டால் அதிகாரிகள் காது கொடுப்பார்கள்.

*பெரியப்பா, 10:08*
நல்ல யோசனை மாப்பிள்ளை.

*செல்வி, 10:30*
பெரியப்பா, வரைவு போட்டிருக்கிறேன். பாருங்கள்.

"எங்கள் தெருவை ஒட்டி ஆற்றில் கொட்டப்பட்ட மண்ணின் அளவு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் அடிமட்டம் வரை அகற்றப்படும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். அமைந்தகரைப் பகுதியில் வரும் தூண்களின் எண்கள், ரேம்ப் தரையைத் தொடும் இடம் ஆகியவை குறித்த வரைபடத்தின் நகல் வேண்டும். மழைக்காலத்தில் தூண்களில் மாட்டும் குப்பையை அகற்றும் பொறுப்பு யாருடையது, எந்த எண்ணில் அழைப்பது என்று அறிவிக்கவும்."

*பெரியப்பா, 10:42*
நன்றாக இருக்கிறது. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதையே கேள்வியாகக் கேட்கலாம். முதல் வரியில் 2015 நீர்மட்டத்தைச் சேர். தரையிலிருந்து எத்தனை அடி என்று அளந்து போடு. நாம் கண்ணால் பார்த்த உயரம் அது.

*அமைந்தகரை அத்தை, 10:44*
இப்போதே அளக்கிறேன்.

*அமைந்தகரை அத்தை, 10:58*
[படம்]
மூன்று அடி நாலு அங்குலம். கோட்டுக்குப் பக்கத்தில் டேப்பை வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். அண்ணா, இன்னொன்று. சமையலறைப் பின்சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது. பழசா, ரிக் வந்த பிறகு விட்டதா என்று தெரியவில்லை.

*பெரியப்பா, 11:06*
துளை போடுகிற பைலில் அதிர்வு குறைவு. சுத்தியல் அடித்து இறக்குவதில்தான் அதிகம். ஆனால் துளையின் வாயில் இரும்புக் குழாயை அதிர வைத்து இறக்கும்போது சுவருக்குத் தெரியும். கதிர், நீ போய் ஒரு காரியம் செய். கண்ணாடிக் கடையில் மெல்லிய கண்ணாடியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தரச் சொல். விரிசலுக்குக் குறுக்கே இரண்டு இடத்தில் சிமென்ட் வைத்து ஒட்டு. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். விரிசல் வளர்கிறதா இல்லையா என்பதற்கு அதுவே சாட்சி. பக்கத்து வீடுகளிலும் கேட்டு ஒட்டிக் கொடு.

*கதிர், மாலை 4:35*
[படம்]
ஒட்டியாயிற்று பெரியப்பா. பக்கத்தில் நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒன்பது துண்டு. கையெழுத்து இதுவரை முப்பத்தொன்று. வேலைக்கு வரும் அம்மாவும் போட்டார். இந்த முகவரி இல்லையே என்று தயங்கினார், இந்தக் கரையில் இருபது வருஷம் இருந்தேன் என்று அடியில் எழுதிவிட்டுப் போட்டார்.

*மாமா, 4:41*
நாளை காலை நானே கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை வைத்த நகலை வாங்கி வருகிறேன்.

*பெரியப்பா, 4:43*
சரி மாப்பிள்ளை. கதிர், ஒவ்வொரு கண்ணாடித் துண்டுக்கும் பக்கத்தில் இன்றைய தேதியை எழுதினாயா?

*கதிர், 4:44*
எழுதிவிட்டேன் பெரியப்பா.