சுவரில் வரைய அம்மம்மாக்களின் படங்கள் வேண்டும்

உறவுகளே, மார்ச் 8ஆம் திகதிக்குள் எங்கள் பருத்தித்துறைச் சனசமூக நிலையச் சுவரில் இந்த மண்ணின் பெண்களை வரையப் போகிறோம். 1931இல் இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அந்த ஆண்டு அரசாங்க சபைத் (அன்றைய சட்டமன்றம்) தேர்தலை யாழ்ப்பாணம் புறக்கணித்ததால், எங்கள் பெண்கள் 1934 வரை காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரின் முகமாவது சுவரில் இருக்க வேண்டும்.

கையில் இருப்பது ஒரே படம். சாய்மனைக் கதிரையில் அம்மப்பா. பக்கத்தில் நிலத்தில் இருந்தபடி அம்மம்மா கடகம் இழைக்கிறார், மடியில் பாதி முடிந்த ஓலை. பின்புறம் அம்மப்பாவின் பெயர் மட்டும் எழுதியிருக்கிறது. அது மனதை அறுக்கிறது.

தோட்டம், மீன் சந்தை, பள்ளிக்கூடம் என்று வேலை செய்த பெண்களின் பழைய படங்கள் இருந்தால், தயவுசெய்து பெயருடன் அனுப்புங்கள். இன்னொன்று: உப்புக் காற்றில் வர்ணம் உரிகிறது. எந்த அடிப்பூச்சு நிற்கும்? தொழில் தெரிந்த அக்காமார், அண்ணாமார் சொல்லுங்கள்.