வல்லூறு அந்தரத்தில் நிற்குமாம்!

ஏற்காட்டுக் காப்பிக்காரன்:
நேற்று மூக்கனேரிப் பக்கம் என்பவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. சேலம் கன்னங்குறிச்சியில் அவர் மொட்டைமாடிக்கு எதிரே உள்ள காலி மனைக்கு மேலே ஒரு வல்லூறு அந்தரத்தில் அப்படியே நின்று, பிறகு இறங்கி எலியைத் தூக்கிக்கொண்டு போனதாம். முப்பது பேர் 'அருமை' என்று வேறு போட்டிருக்கிறார்கள். வல்லூறு அப்படி நிற்காது. இலைக்குள் பதுங்கி உட்கார்ந்து ஒரே பாய்ச்சலில் அடிக்கும். இறக்கை குட்டை, நுனி வட்டம், வால் நீளம். மரங்களுக்கு நடுவே வளைந்து நுழைவதற்கான உடம்பு அது. அவர் பார்த்தது கருந்தோள் பருந்து.

மூக்கனேரிப் பக்கம்:
முதுகு சாம்பல். கண் சிவப்பு. காக்கையைவிடச் சிறியது. வல்லூறு ஆணுக்கு மூன்றும் பொருந்தும். போட்டோ போட்டால் பறவையின் பெயர் சொல்கிற செயலியும் வல்லூறு என்றுதான் சொல்கிறது. நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். நீங்கள் மலைமேல் இருந்தீர்கள்.

ஏற்காட்டுக் காப்பிக்காரன்:
சாம்பல் முதுகும் சிவப்புக் கண்ணும் கருந்தோள் பருந்துக்கும் உண்டு ஐயா. அளவும் ஏறக்குறைய அதேதான். தோளில் கறுப்புத் திட்டு இருந்ததா? அடிவயிறு சுத்த வெள்ளையா, செம்பழுப்புக் கோடு கோடாக இருந்ததா? வாலில் பட்டை உண்டா? இதில் ஒன்றைக்கூட எழுதாமல் பெயர் மட்டும் எழுதிவிட்டீர்கள்.

மூக்கனேரிப் பக்கம்:
வெயில் எதிரே. அடிவயிறு நிழலாகத்தான் தெரிந்தது. ஆனால் நின்றது.

ஏற்காட்டுக் காப்பிக்காரன்:
நின்றது என்பதுதான் அது வல்லூறு இல்லை என்பதற்குச் சாட்சி! கருந்தோள் பருந்து வேட்டையாடும்போது கவனியுங்கள். தலையைக் குனிந்து தரையையே பார்க்கும், இறக்கை விடாமல் அடிக்கும், உடம்பு நகராது. கொஞ்சம் இறங்கும், மறுபடி நிற்கும், இன்னும் கொஞ்சம் இறங்கும். கடைசியில் இறக்கையை மேலே தூக்கிக் கால்களைத் தொங்கவிட்டு விழும். உட்கார்ந்தால் மின்கம்பி, மொட்டைக் கிளை, எல்லாருக்கும் தெரிகிற உச்சி. வாலை மேலும் கீழும் ஆட்டும். எங்கள் தோட்டத்து வல்லூறோ சில்வர் ஓக் மரத்தில் இருந்தால் எனக்கே தெரியாது. அணில் கத்தி, மைனா கூட்டம் அலறி, அப்புறம்தான் தெரியும்.

செவ்வாய்ப்பேட்டை ராத்திரி:
ஒரு சந்தேகம். நிற்பது என்று நீங்கள் இருவரும் சொல்வது ஒன்றுதானா? ஏற்காட்டுப் பகோடா பாயிண்டில் சரிவிலிருந்து காற்று மேலே ஏறும்போது கரும்பருந்துகூட இறக்கை அடிக்காமல் ஒரே இடத்தில் தொங்கும். இறக்கை அடித்துக்கொண்டு நிற்பது வேறு. உங்கள் பறவை எப்படி நின்றது?

மூக்கனேரிப் பக்கம்:
நின்றது என்றால் நின்றது. இதற்கு விளக்கவுரை வேண்டுமா?

சூரமங்கலம் செல்வி:
நிற்கிற பறவை கருந்தோள் பருந்து மட்டும்தானா? குளிர்காலத்தில் சிற்றெழால் என்கிற சின்ன வேட்டைப் பறவையும் வருகிறது, அதுவும் அந்தரத்தில் நிற்கும். முதுகு செங்கல் நிறம், கறுப்புப் புள்ளி. காப்பிக்காரர் அதைச் சொல்லவே இல்லையே. மலைமேல் இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும் போல.

ஏற்காட்டுக் காப்பிக்காரன்:
முதுகு சாம்பல் என்று அவரே சொல்லிவிட்டார், சிற்றெழால் எதற்கு? அதோடு செல்வி அம்மா எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். போன வருஷம் ஆந்தைப் பொந்து எந்த மரத்தில் என்று வழியோடு இங்கே எழுதியது யார்? அடுத்த வாரமே கேமராவும் டார்ச்சுமாகக் கூட்டம். தாய்ப்பறவை பொந்துக்கு வர முடியாமல் எதிர்மரத்திலேயே கத்திக்கொண்டிருந்தது. கூடு இருக்கிற இடத்தை எழுதாதீர்கள் என்று அன்றே கெஞ்சினேன்.

சூரமங்கலம் செல்வி:
அதே ஆந்தைக்கு போனில் குரல் போட்டுக் காட்டியது உங்கள் தோட்டத்துக்கு வந்த விருந்தாளிகள். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். அதையும் எழுதுங்கள்.

ஏற்காட்டுக் காப்பிக்காரன்:
தடுத்தேன். தடுத்ததற்குச் சாட்சி இருக்கிறது. விஷயத்துக்கு வாருங்கள். வல்லூறு அந்தரத்தில் நிற்காது.

அஸ்தம்பட்டி மாடி:
நான் தினமும் மாடியில் கோழிக்கழிவு போடுகிறேன், கரும்பருந்து கூட்டமாக வரும். வால் நடுவில் வெட்டுப்பட்டது மாதிரி பிளந்திருக்கும், நன்றாகப் பார்க்கலாம். இவ்வளவு சண்டை எதற்கு? கறி போடுங்கள், எல்லாம் வரும்.

மூக்கனேரிப் பக்கம்:
உங்கள் கோழிக்கழிவால்தான் ஏரிக்கரை வரைக்கும் பருந்தும் காக்கையும். 2010-க்குப் பிறகு ஏரியைத் தூர்வாரி, உள்ளே மண்திட்டு போட்டு, மரம் வைத்தார்கள். அந்தத் திட்டில் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டுகிற இடத்தில் பருந்தைக் கூட்டிவந்து விடுகிறீர்கள். குஞ்சு மிஞ்சுமா?

அஸ்தம்பட்டி மாடி:
அஸ்தம்பட்டி எங்கே, மூக்கனேரி எங்கே? என் மாடியில் தின்றுவிட்டு உங்கள் ஏரிக்கு வந்ததை நீங்கள் பார்த்தீர்களா? உங்களுக்குத் தோளே தெரியவில்லையாம்!

செவ்வாய்ப்பேட்டை ராத்திரி:
எலி பிடித்ததா, பறவை பிடித்ததா என்பதாலும் இது தீராது. வல்லூறும் எலி தின்னும், ஓணான் தின்னும். இறக்கை அடித்ததா என்று கேட்டேன். யாருமே பதில் சொல்லவில்லை.

ஏற்காட்டுக் காப்பிக்காரன்:
எலியைப் பற்றி நான் பேசவே இல்லை. நின்றதைப் பற்றிப் பேசுகிறேன். வல்லூறு நாலைந்து முறை இறக்கை அடிக்கும், வழுக்கிக்கொண்டு போகும், மறுபடி அடிக்கும். ரெட்டைவால் குருவி துரத்தினால்கூட நிற்காமல் ஓடத்தான் பார்க்கும். 1,500 மீட்டர் உயரத்தில் காப்பிச் செடிக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன் சொல்கிறேன். செயலிக்கு என்ன தெரியும்? நிழலாக எடுத்த படத்தைக் கொடுத்தால் அது கேட்டதுக்கு ஏதோ ஒன்று சொல்லும். அதை நம்பிப் பறவைப் பட்டியலில் ஏற்றினால், நாளைக்குப் படிக்கிற பிள்ளைகள் கன்னங்குறிச்சி வல்லூறு நிற்கும் என்று மனப்பாடம் செய்வார்கள். எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

மூக்கனேரிப் பக்கம்:
காப்பித் தோட்டத்தில் பிறந்தால் அடிவாரத்துப் பறவைக்கும் நீங்கள்தான் நாட்டாமையா? காலி மனை, புல், எலி வளை எல்லாம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. மரத்துக்குள் வேட்டையாடுகிற பறவை வெட்டவெளியில் வேறுமாதிரி வேட்டையாடக் கூடாதா?

ஏற்காட்டுக் காப்பிக்காரன்:
வெட்டவெளி, புல், எலி வளை. கருந்தோள் பருந்து வீட்டு விலாசத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

சூரமங்கலம் செல்வி:
விலாசம் எழுதக் கூடாது என்று இப்போதுதானே என்னைத் திட்டினீர்கள்?

ஏற்காட்டுக் காப்பிக்காரன்:
கூட்டுக்குச் சொன்னது வேறு, இது வேறு. பேச்சை மாற்றாதீர்கள். மூக்கனேரிக்காரர் அந்தப் படத்தை இங்கே போடட்டும். நிழலாக இருந்தாலும் பரவாயில்லை, இறக்கை நுனி கூர்மையா வட்டமா என்று பார்த்துவிடலாம்.

மூக்கனேரிப் பக்கம்:
மரியாதையாகக் கேட்டிருந்தால் நேற்றே போட்டிருப்பேன். இப்போது போடமாட்டேன். அது வல்லூறு. நின்றது.

ஏற்காட்டுக் காப்பிக்காரன்:
நிற்காது.